பன்னிரண்டாவது படிவம்

“உக்காருங்க. இதக் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டிருங்க” என்று ஒரு தாளை நீட்டிவிட்டு, எங்கள் துறை அலுவலகத்து அக்கா கணினிப் பக்கம் திரும்பிக்கொள்வார். இந்தியவியல் பட்டப்படிப்பில் சேர வந்தவர் தாளைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழிப்பார். அது ஒரு பழைய கல்வெட்டின் நகல். ஓர் எழுத்துகூடப் பிடிபடாது.

அரை மணி நேரம் அக்கா கண்டுகொள்ள மாட்டார். சிலர் ஐந்தாவது நிமிடமே கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். சிலர் எந்த ராஜா காலம் என்று கேட்பார்கள். எப்போதாவது ஒருவர் பையில் பென்சில் தேடி எடுத்து, திரும்பத் திரும்ப வரும் எழுத்தைச் சுற்றி வட்டம் போட ஆரம்பிப்பார். அக்காவின் முகம் மலர்ந்துவிடும்.

“இந்த ஆளு தேறிடும் சார். ஒரு பக்கத்தோட ஒரு வாரம் மல்லுக்கட்டணும், அதான் இங்க படிப்பு. கதை கேக்கலாம், படம் பாக்கலாம்னு வர்றவங்க ரெண்டாம் மாசமே ஓடிடுவாங்க” என்பார் என்னிடம்.

அக்கா படித்தது தட்டச்சு மட்டும்தான். துறை அலுவலகத்தில் பதினெட்டு வருடம். அவர் மேசையில் இரண்டு ஸ்டேப்ளர்கள் இருக்கும். இரவல் கேட்பவர்களுக்கென்று வைத்திருப்பது பாதி நாள் தாளைக் கடிக்காது. பேராசிரியர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘வடிகட்டி’. அது அவருக்கும் தெரியும். “டீ நல்லா இருக்கணும்னா வடிகட்டி வேணுமில்ல?” என்று சிரிப்பார்.

இந்த வருடம் எங்களால் சிரிக்க முடியவில்லை. பன்னிரண்டு பேர் சேராவிட்டால் துறையையே மூடிவிடுவோம் என்று நிர்வாகம் கடிதம் அனுப்பிவிட்டது. மூடினால் பேராசிரியர்கள் வேறு துறைக்குப் போய்விடுவார்கள். பகுதிநேரமாகப் பாடம் எடுக்கும் என்னையும் அக்காவையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கடைசி நாள் மதியம்வரை சேர்ந்தவர்கள் பதினோரு பேர்.

மூன்று மணிக்கு, பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வந்தாள். சான்றிதழ் நகல், புகைப்படம், பூர்த்தி செய்த படிவம் எல்லாம் தயார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்கா வழக்கம்போலத் தாளை நீட்டினார். இன்றைக்குமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் தாளை மேலும் கீழும் பார்த்தாள். “இதுல ஊர் பேரு ஏதாவது இருக்காக்கா?”

“எதுக்கும்மா ஊர் பேரு?”

“எங்க பூட்டன் இந்தியாவுலேருந்து கப்பல்ல இங்க வந்தவரு. எந்த ஊர்னு வீட்ல யாருக்குமே தெரியல. அதக் கண்டுபிடிக்கணும். அதுக்காக நாளைக்கே வேலைய விடப்போறேன்.”

சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்து கையெழுத்துப் போடக் குனிந்துவிட்டாள். நகலெடுக்கும் இயந்திரத்தின் அருகே நின்றிருந்த நான் பலமாக இருமினேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

“அதுக்கு மூணு வருஷம் எதுக்கும்மா? ஆவணக் காப்பகத்துல கப்பல் பதிவேடு இருக்கு. பேரச் சொன்னா தேடித் தருவாங்க. வேலைய விட்டுடாதீங்க. ஊர் தெரிஞ்ச பிறகும் படிக்கணும்னு தோணுச்சுன்னா, அப்ப பேசலாம்.”

அவள் பேனாவை மூடினாள். “அப்படித் தோணுச்சுன்னா, அடுத்த வருஷம் இங்கயே வந்து உங்களப் பாக்கட்டுமா?”

அக்கா அவள் கைக்கடியிலிருந்து படிவத்தை மெல்ல இழுத்துக்கொண்டார். பின்பக்கத்தில் காப்பகத்தின் முகவரியையும் திறந்திருக்கும் நேரத்தையும் எழுதினார். பிறகு முன்பக்கம் திருப்பி, அச்சாகியிருந்த துறையின் தொலைபேசி எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் தன் வீட்டு எண்ணை எழுதிக் கொடுத்தார்.