தொடாமல் வைத்த பணம்

வெள்ளிக்கிழமைகளில் குவைத்திலிருந்து அக்கா பேசும்போது, பின்னால் துணி துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். வேலை செய்த வீட்டு அம்மாவுக்குக் கேட்காமல் பேச அவளுக்குக் கிடைத்த இடம் அதுதான். இயந்திரம் நின்றால் பேச்சையும் நிறுத்திவிடுவாள். மச்சான் இறந்த பிறகு, மகளை என்னிடமும் என் மனைவியிடமும் விட்டுவிட்டு வெளிநாடு போனவள். தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் பிறந்த அக்காவும் நானும் சேர்ந்து நுவரெலியாவில் ஒரு வீடு வாங்கினோம் என்றால், அதில் முக்கால்வாசி அவள் அனுப்பிய பணம். மீதி வங்கிக் கடன். வீட்டை வாடகைக்கு விட்டுக் கடனைக் கட்டி முடித்தால், அக்கா ஊருக்கு வந்து நிம்மதியாக இருக்கலாம் என்பது எங்கள் எண்ணம்.

நான் ஒரு லீசிங் கம்பெனியில் வேலை செய்கிறேன். தவணை தவறியவர்களின் வாகனங்களைத் தூக்கி வருவதைப் பார்த்துப் பார்த்துப் பயந்தவன். அதனால் கையிலிருந்ததையெல்லாம் வீட்டிலேயே போட்டுவிடாமல், சில மாதத் தவணைக்கும் கூரை, குழாய்ப் பழுதுக்குமாக ஒரு தொகையைத் தனிக் கணக்கில் வைத்தேன். வீடு பூட்டிக் கிடந்தாலும் கடன் காத்திருக்காது, எது வந்தாலும் இதில் கை வைக்கக் கூடாது என்றேன். அக்காவும் ஒத்துக்கொண்டாள்.

குடியிருந்தவர்கள் கண்டிக்கு மாறிப்போன நேரத்தில்தான் அவள் கேட்டாள். அவளுடைய வேலை ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. இடையில் வருவதானால் டிக்கெட் செலவும், வேலைக்கு அனுப்பிய ஏஜென்சிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியதும் அவள் தலையில் விழும்.

"தம்பி, அந்தக் காச எடுத்து அனுப்புறியா? புள்ள வளந்துட்டா. அவ பெரிய புள்ளயாகுறப்ப நான் பக்கத்துல இருக்கணும்."

"வீடு சும்மா கெடக்குக்கா. அதையும் எடுத்துட்டா தவணைக்கு எங்க போறது? ஒரு வருசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருங்க."

சரி என்றாள். கணக்குப்படி நான் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அடுத்த மாதமே, நானுஓயா ரயில் ஸ்டேஷனில் வேலை செய்யும் ஒருவர் குடும்பத்தோடு குடிவந்தார். அந்தக் கணக்கிலிருந்து ஒரே ஒரு தவணைதான் போயிருந்தது. ஆள் வந்துவிட்டதை அக்காவிடம் சந்தோஷமாகச் சொன்னேன். இப்போது புறப்பட்டு வாருங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அனுப்பியிருப்பேன் என்று எனக்கு நானே பல நாள் சொல்லிக்கொண்டேன். அது உண்மைதானா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அந்த வருடத்திலேயே பிள்ளை பெரியவளானாள். தாய்மாமன் சீராகச் சேலையும் வளையலும் தட்டில் வைத்து எடுத்துப் போனவன் நான்தான். தண்ணீர் ஊற்றிய பெண்களுக்கு நடுவே என் மனைவி போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். படம் அடிக்கடி அப்படியே நின்றுவிட்டது. மாலை போட நான் நெருங்கியபோது, அம்மா ஏன் வரவில்லை என்று பிள்ளை மெதுவாகக் கேட்டாள். லீவு கிடைக்கவில்லை என்றேன்.

ஒப்பந்தம் முடிந்துதான் அக்கா வந்தாள். இப்போது எங்களோடுதான் இருக்கிறாள்; மகள் பள்ளியில் உயர்தர வகுப்பு படிக்கிறாள். இருவருக்கும் சண்டை கிடையாது. விருந்துக்கு வந்தவர்களைப் போல ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். தலைவலி என்றால்கூட பிள்ளை என் மனைவியிடம்தான் வந்து சொல்வாள்.

போன மழைக்காலத்துக் காற்றில் வாடகை வீட்டின் பின்பக்கத் தகரங்கள் பறந்துவிட்டன. அந்தக் கணக்கில் பணம் இருந்ததால், குடியிருப்பவர்களைக் காக்க வைக்காமல் மறுநாளே வேலைக்கு ஆள் விட்டேன். அக்காவும் மகளும் என்னோடு பார்க்க வந்தார்கள். புதுத் தகரம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, மகளிடம் பெருமையாகச் சொன்னாள்:

"நல்லவேள, அன்னைக்கு நான் கேட்டும் மாமா காச எடுத்துக் குடுக்கல. குடுத்திருந்தா நான் அப்பவே வந்திருப்பேன். இந்த வீடு நம்ம கையில இருந்திருக்காது."

அவள் என்னைப் பாராட்டத்தான் சொன்னாள். பிள்ளை என் பக்கம் திரும்பினாள். லீவு கிடைக்கவில்லை என்றீர்களே என்று கேட்பாள் என்று நின்றேன். கேட்கவில்லை. அம்மாவின் தோளிலிருந்து நழுவியிருந்த சால்வையை இழுத்துப் போர்த்திவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். அவர்கள் அப்படி நடந்து போனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கூடவே போக எனக்குக் கால் வரவில்லை.