முதுகில் இரண்டு தட்டு

“நான் காய்ச்சல்ல படுத்துட்டா உன் முதுகை யாருடி பார்ப்பா, வாத்து?”

“வாயைக் கழுவு. நீ எங்க படுக்கப் போற?”

“சும்மா சொன்னேன். திரும்பு... ம், நட!”

உடை மாற்றும் அறையில் இரண்டு நர்சுகள் பேசிக்கொண்டது இது. அதற்குப் பிறகு நடந்ததில் கண் காது வைத்துச் சேர்த்தது எதுவுமில்லை. நம்புவது உங்கள் பாடு.

கொரோனா வார்டுக்குள் போகிறவர்கள் உச்சி முதல் பாதம் வரை மூடிக்கொள்ள வேண்டும். மூடிவிட்டால் ஆள் அடையாளம் தெரியாது. அதனால் சோடி சோடியாகத்தான் தயாராவார்கள். ஒருத்தி மற்றவளின் முதுகில் டேப் ஒட்டி, அதன்மேல் பெயர் எழுதி, இரண்டு தட்டுத் தட்டுவாள். தட்டினால்தான் உள்ளே போகலாம். அந்த இருவரில், குருவி என்று எல்லாரும் கூப்பிடுகிறவள் மட்டும் தோழியின் முதுகில் பெயர் எழுத மாட்டாள். ‘வாத்து’ என்று எழுதிப் பக்கத்தில் ஓர் அலகு வரைவாள். அந்த உடையில் தோழியின் நடை அப்படி.

சொன்ன வாய் மூடுவதற்குள் குருவி படுத்துவிட்டாள். மேல்மாடியில், செயற்கைச் சுவாசத்தில்.

வாத்து வேறொருத்தியோடு சோடி சேர்ந்தாள். அந்தப் பெண் ‘நர்ஸ்’ என்று எழுதினாள். தட்ட மறந்துவிட்டாள்.

பட்டப்பகல். ஒரு நோயாளிக்கு மூச்சு முட்டியது. வாத்து தலைமாட்டில் நின்று காற்றுப்பையை இரு கைகளாலும் அமுக்கிக்கொண்டிருந்தாள். டாக்டரும் இன்னும் மூவரும் அவள் கண்ணெதிரே.

குனிந்தாள்... டர்ர்ர்.

முதுகுத் தையல் விட்டது. கையை எடுக்க முடியாது. எடுத்தால் ஓர் உயிர் போகும்.

கழுத்தில் காற்றுப் பட்டது.

பின்னால்... கர்ர்ர்க். டேப் இழுக்கும் சத்தம்.

யாரோ அழுத்தி ஒட்டினார்கள்.

தட்... தட்.

சில்லென்று இருந்தது.

“தேங்க்ஸ்” என்று திரும்பினாள்.

சுவர்.

ஓர் ஆள் நிற்க இடமில்லை.

வெளியே வந்ததும் உடையைக் கழற்ற உதவிய வார்டு அண்ணன் சிரித்தார். “என்னம்மா இது, முதுகுல ‘வாத்து’ன்னு எழுதி மூக்கு வேற வரைஞ்சிருக்கு?”

“அண்ணே... குருவி எப்படி இருக்கா?”

சிரிப்பு நின்றது. “நீ உள்ள போன கொஞ்ச நேரத்துலயே போயிட்டாம்மா. உள்ள இருக்கிறவங்களுக்குச் சொல்ல வேணாம்னுட்டாங்க.”

அங்கே அதுதான் வழக்கம். பாதுகாப்புக் கண்ணாடிக்குள் அழுதால் பார்வை மறைந்துவிடும்.

வாத்து அழவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. மரத்துப்போயிருந்தாள். வேலைக்குப் போனாள், வந்தாள், குளித்தாள், தனி அறையில் படுத்தாள். கணவன் சாப்பாட்டுத் தட்டைக் கதவருகே வைத்துவிட்டுத் தள்ளி நிற்பான்.

“ஏதாவது வேணுமாடா?”

“ஒண்ணும் வேணாங்க.”

நாக்கு நுனிக்கு வருவதைச் சோற்றோடு விழுங்கிவிடுவாள். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு. தனக்கே தெரியாமல் நோய் தொற்றியிருந்தால் அவன் என்ன ஆவான்?

தடுப்பூசி வராத காலம் அது. சில வாரங்கள் கழித்து, யார் யாருக்கு நோய் வந்து போயிருக்கிறது என்று பார்க்க ஊழியர்கள் எல்லாருக்கும் ஆன்டிபாடி சோதனை நடந்தது. லேப்காரர் அவளைக் கூப்பிட்டார்.

“சிஸ்டர், அன்னைக்கு அந்தக் கட்டிலைச் சுத்தி அஞ்சு பேர் நின்னீங்க. டாக்டரோட சேர்த்து நாலு பேருக்கு வந்து போயிருக்கு. உடை கிழிஞ்சது உங்களுக்கு. உங்க ரத்தத்துல மட்டும் ஒண்ணும் இல்ல. மறுபடியும் போட்டுப் பார்த்துட்டேன்... மச்சக்காரி நீங்க!”

வீட்டுக்கு வந்து கணவனிடம் அதைச் சொன்னாள். முதன்முறையாகக் கதவைச் சாத்தாமல் நின்றாள். அவனோ பழக்கதோஷத்தில் தள்ளியே நின்றான்.

“ஏதாவது வேணுமாடா?”

“ஒண்ணும்...”

கர்ர்ர்க்.

முதுகில். அதே இடத்தில்.

தட்... தட்.

“என்னங்க...” குரல் உடைந்தது. “என்னைக் கொஞ்சம் கட்டிப் பிடிச்சுக்கோங்க. முன்பக்கமா வாங்க... பின்னாடி அவ நிக்கிறா.”