பதினொரு மாதம் சைவம்

கொரியாவில், பூசான் நகரத்தில் எங்கள் அலுவலகத்தில் யாரும் தனியாகச் சாப்பிட மாட்டார்கள். பன்னிரண்டு மணி ஆனதும் எட்டுப் பேரும் ஒன்றாக எழுந்து, ஒரே கடைக்குப் போய், ஒரே சாப்பாட்டைச் சொல்வோம். ஆளுக்கொன்று சொன்னால் ஒருவருக்கு முதலில் வந்துவிடும், இன்னொருவர் காத்திருக்க வேண்டும். அது இவர்களுக்குப் பொறுக்காது. கோயமுத்தூரில் பம்ப்செட் கம்பெனியில் இருந்தபோது நாங்களும் கூட்டமாகத்தான் உட்கார்வோம். ஆனால் அவரவர் டப்பா, அவரவர் வீட்டுக் குழம்பு. இங்கே எட்டுப் பேர் முன்னாலும் ஒரே கிண்ணத்தைப் பார்த்தபோது பள்ளிக்கூடத்துச் சத்துணவு வரிசைதான் ஞாபகம் வந்தது.

அந்தக் கிண்ணத்தில் பதினொரு மாதமாக பிபிம்பாப். சோற்றின் மேல் வதக்கிய காய்கறியும் மிளகாய் விழுதும் போட்டுக் கிளறிச் சாப்பிடுவது. தினமும் அதுவே என்று ஆனதற்குக் காரணம் நான்தான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை, குழுத் தலைவர் பார்க் எல்லோரையும் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கடைக்கு அழைத்துப் போனார். சன்னக்ஜி வந்தது. அப்போதுதான் நறுக்கிய சின்ன ஆக்டோபஸ்; ஒவ்வொரு துண்டும் தட்டில் தனித்தனியாக நெளிந்துகொண்டிருந்தது. அதில் எனக்குப் பழக்கமானது மேலே ஊற்றியிருந்த நல்லெண்ணெயின் வாசம் மட்டுமே. எங்களுக்குக் கடல் மீன் என்றால் உக்கடம் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டியில் படுத்திருப்பது. அது நெளியாது. பயத்தில் “நான் சைவம்” என்றேன்.

பச்சைப் பொய். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கறிக்கடையில் முதல் ஆளாக நிற்கும் குடும்பம் எங்களுடையது. பார்க் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்னாலேயே விசாரிக்காதது தன் தப்பு என்று தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். திங்கட்கிழமையிலிருந்து எல்லோரும் பிபிம்பாப். புதுக் கடைக்குப் போவதென்றால் அவரே முன்கூட்டிப் போன் செய்து, மீன் சாறு எதிலும் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவைப்பார். நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டதோடு சரி, அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

போன மாதம் லிஃப்டில் வரும்போது, பக்கத்து மேசை மின்ஜி பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். அந்தத் துறைமுகக் கடைக்காரர் பார்க்கின் பால்ய நண்பராம். பல வருடங்களாக வெள்ளிக்கிழமை தவறாமல் போனவர்கள் திடீரென்று நின்றுவிட்டதால், “என்மேல் ஏதாவது கோபமா?” என்று அவர் பார்க்கிடம் கேட்டாராம். மின்ஜி குறையாகச் சொல்லவில்லை, சும்மா செய்தியாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் கோவைக் கம்பெனியில் ஒடிசாக்காரன் ஒருவன் இருந்தான். ஒரு வருடம் ஜன்னலோரம் தனியாகத்தான் சாப்பிட்டான். என்ன சாப்பிடுகிறான் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அவன் பேர்கூட இப்போது நினைவில்லை.

உண்மையைச் சொன்னால் இவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது? இனி என்னை நம்புவார்களா? ஒரு வாரம் தூக்கமே இல்லை. வெள்ளிக்கிழமை பார்க்கிடம் போய், தெரிந்த அரைகுறைக் கொரிய மொழியில் சொல்லிவிட்டேன். “நான் சைவம் இல்லை. அன்றைக்கு அந்தத் தட்டைப் பார்த்துப் பயந்துவிட்டேன்.”

அவர் என் கைகளைப் பிடித்துக்கொண்டார். “எங்களுக்காக உங்கள் சாமிக்கு விரோதமாக எதுவும் செய்ய வேண்டாம்.”

மனிதர் நம்பவில்லை! மூன்று முறை சொல்லியும் நம்பவில்லை. கடைசியில் போனை எடுத்து, எங்கள் கருப்பராயன் கோயில் கிடா வெட்டுப் படத்தைக் காட்டினேன். சம்மணம் போட்டு உட்கார்ந்து எலும்பைக் கடித்துக்கொண்டிருக்கிறேன், சட்டையெல்லாம் குழம்பு.

“இது எந்த இடம்?”

“கோயில்.”

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். அன்று சாயங்காலமே எட்டுப் பேரும் துறைமுகக் கடைக்குப் போனோம்.

ஆக்டோபஸ் துண்டு தட்டை விட்டு வர மாட்டேன் என்றது. இழுத்து வாயில் போட்டதும் கன்னத்தின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டது. “மெல்லுங்கள், நிறுத்தாமல் மெல்லுங்கள், தொண்டையில் ஒட்டிவிடும்” என்று மின்ஜி கத்தினாள். மென்றேன். உப்பும் நல்லெண்ணெயும் கலந்து, மெல்ல மெல்ல லேசான இனிப்பு. சத்தியமாக ருசியாக இருந்தது. இரண்டாவது துண்டை நானே எடுத்தேன். பிறகு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

“அப்படியென்றால் பதினொரு மாதம் உங்களுக்கும் கறி மீன் கிடைக்கவில்லையா? பாவம்” என்றார் பார்க். என் தட்டு நிறைய எடுத்து வைத்தார். இப்படிப்பட்டவர்களை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஐயோ சாமி, நெளியறத எப்பிடிக் கண்ணு தின்ன?” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் கேட்டார். “உனக்கோசரம் ஏழு பேரும் வாயக் கட்டிட்டு இருந்தாங்களாக்கும்? இங்க உன்ற சொந்தக்காரங்க ஒருத்தராச்சும் இருப்பாங்களா?”

“இருக்க மாட்டாங்கம்மா.”

அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

“அப்பறம் நீ எங்க கண்ணு திரும்பி வரப்போற?”

“வாரேனுங்கம்மா, சீக்கிரமே வாரேன்” என்றேன். மறுபடியும் பயத்தில்தான் சொன்னேன்.