கண்ணாடிக்குள் பிள்ளையார்

மாண்ட்ரியலில் ஒரு பல்கலைக்கழக அருங்காட்சியகம். சென்னையிலிருந்து வந்திருக்கும் என்னை, மகளின் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துப் பூமணி அழைத்து வந்திருக்கிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கல் பிள்ளையாரைக் கண்டதும் பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தோப்புக்கரணம் போடுகிறார். காவலாளி எங்களையே பார்க்கிறார்.

“இது கோயில் இல்லம்மா. எல்லாரும் பார்க்கிறாங்க” என்று கடிந்துகொள்கிறேன்.

பூமணியின் முகம் சுண்டிப்போகிறது. “ஓம் அண்ணை. எங்கட ஊர்ப் பிள்ளையார் சண்டைக்குள்ள ஷெல்லடியில உடைஞ்சு போனார். முழுசா ஒருத்தரைக் கண்டதும் மனம் கேக்கேல்லை.”

காவலாளி வருகிறார். பூமணி உட்கார்ந்து பூட்ஸ் போடுவதற்காக ஒரு நாற்காலியை வைத்துவிட்டுப் போகிறார்.

அங்கே வெட்கப்பட்டவன் நான் ஒருவன்தான். இந்த வயதிலும் மன்னிப்புக் கேட்க நாக்கு எழவில்லை. ஒரு பூட்ஸை எடுத்துக்கொண்டு அவர் காலடியில் மண்டியிடுகிறேன்.

“ஐயோ, விடுங்கோ அண்ணை!” பூமணி சிரித்துவிடுகிறார். “பிள்ளையார் பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறார்!”