கோள் சொன்ன நட்சத்திரம்

போன கிழமை இந்தப் பத்திக்கு நான் வைத்த தலைப்பு 'சாகிற நேரத்திலும் கோள்'. பேப்பர் வந்த காலையே போன் அடித்தது. லிங்கநகரில் இருக்கும் என் மச்சாள் – கணவரின் தங்கை.

"பேப்பரில போட்டு என்னை நாறடிச்சுப்போட்டீங்களே மச்சாள்!"

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நான் எழுதியது வானத்தைப் பற்றி! வயதுபோன நட்சத்திரம் ஊதிப் பெருத்து, தன் மேலடுக்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துவிடும். நடுவில் மிஞ்சும் சூடான சின்னக் கரு, உதிர்த்த வாயுவை ஒளிரவைக்கும். அதுதான் கோள் நெபுலா. அந்தக் காலத்துச் சின்னத் தொலைநோக்கியில் கோள் மாதிரி உருண்டையாகத் தெரிந்ததாம்... பெயர் ஒட்டிக்கொண்டது. மற்றபடி கோளுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மச்சாள் தலைப்பை மட்டும்தான் வாசித்திருக்கிறாள். கோள் என்றால் நம்மவர்களுக்கு முதலில் எது ஞாபகம் வரும்? புதனா, வியாழனா? கோள் மூட்டுவதுதானே!

விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அழத் தொடங்கிவிட்டாள்.

"ஓம், நான்தான்! அண்ணா செத்த அண்டைக்கு நஸ்ரீனா வந்தவ. வாசல் கேற்றில நிண்டு அழுதவ. மச்சாளுக்கு உங்களைப் பாக்க விருப்பமில்லையாம் எண்டு நான்தான் திருப்பி அனுப்பினனான்."

நஸ்ரீனா மூதூர்க்காரி. இருபது வருஷம் ஒரே கந்தோரில் வேலை, எனக்குப் பக்கத்துக் கதிரை. என் கணவர் போனபோது எட்டியும் பார்க்கவில்லையே என்று, நாலு வருஷமாக அவளோடு நான் கதையில்லை. "அவட வீட்டில எனக்கென்ன வேலை எண்டு கேட்டவவாம்" என்று அன்று என் காதில் போட்டதும் இதே மச்சாள்தான்.

"ஏனடி?" என்று கத்தினேன்.

"நீங்கள் எல்லாக் கதையும் அவவோடதானே கதைப்பீங்கள். என்னட்டை ஒண்டும் சொல்லமாட்டீங்கள்..."

போனை வைத்துவிட்டேன். அவளைவிட என் மேல்தான் கூடக் கோபம். இருபது வருஷச் சிநேகிதியிடம் 'ஏன் வரவில்லை' என்று ஒரு வார்த்தை கேட்க எனக்கு வாய் வரவில்லையே!

அடுத்த நாள் மூதூர் பஸ் ஏறினேன். நட்சத்திரம் உதிர்த்தது கலைந்து மறைய ஆயிரமாயிரம் வருஷம் எடுக்கும். எனக்கும் நஸ்ரீனாவுக்கும் அவ்வளவு அவகாசம் ஏது? அவள் கதவைச் சாத்திவிட்டால்...?

கூப்பிட்ட சத்தத்துக்கு நஸ்ரீனா முற்றத்துக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். மச்சாள் சொன்னதைச் சொல்லத் தொடங்கி, பாதியில் கேற்றுக் கம்பியைப் பிடித்தபடி அழுதுவிட்டேன்.

அவள் கொண்டியைத் திறந்தாள்.

"உள்ள வந்து அழுங்க. கேற்றில நிண்டு அழுறது எவ்வளவு கஷ்டம் எண்டு எனக்குத் தெரியும்."