விறைத்த வாயோடு ஓர் உறுதிமொழி

ஆஸ்திரேலியக் குடியுரிமை விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது என் வலது கீழ்க் கடைவாய்ப் பல் வேலையைக் காட்டத் தொடங்கியது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். கச்சான் கடலையைக் கடித்தால் ஒன்றுமில்லை. கடித்துவிட்டு வாயைத் திறக்கும்போதுதான் சுரீர் என்று உச்சிவரை ஏறும். கைபேசி வெளிச்சத்தில் வாயைப் பிளந்து பார்த்தேன். சூத்தை ஓட்டையும் இல்லை, வீக்கமும் இல்லை.

விழா அன்று காலை பொறுக்க முடியாமல் நானும் கணவரும் நோபல் பார்க் என்ற எங்கள் புறநகரில் ஒரு பல் வைத்தியரிடம் ஓடினோம். தமிழ்நாட்டுப் பெண். பற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

"கடிக்கும்போது வலிக்குதா, விடும்போதா?"

"விடேக்கைதான் உயிர் போகுது டொக்டர்."

"அப்போ பல்லுல விரிசல் இருக்கும். தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களா?"

"சீ, இல்லை," என்றேன்.

"ஓம் டொக்டர்," என்றார் கணவர். "பக்கத்தில ஆரோ கல்லு உடைக்கிற மாதிரிக் கேக்கும். விசா இன்ரர்வியூ வந்த காலத்தில தொடங்கினது."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நித்திரை கொள்ளாம யோசிப்பீர் எண்டு விட்டனான்."

வைத்தியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கவலையில் பலர் இப்படித்தான் பல்லை நெரிப்பார்கள், அழுத்தம் தாங்காமல் பல் வெடிக்கும், கடித்துவிட்டு எடுக்கையில் அந்த வெடிப்பு அசைந்து நரம்பைச் சுண்டும் என்று விளக்கினார். விறைப்பூசி போட்டு வெடிப்பை அடைத்தார். இரவில் பல்லில் மாட்டிக்கொள்ள ஓர் உறைக்கும் அளவெடுத்தார்.

வலி போனது. கூடவே வலது உதடும் நாக்கில் பாதியும் போயின.

மதியம் மண்டபத்தில் எழுந்து நின்று உறுதிமொழி சொன்னபோது, என் வாயில் ஆஸ்திரேலியா 'ஆத்தலேலியா' ஆனது. 'பீப்பிள்' வரவேண்டிய இடத்தில் வெறும் காற்று வந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்த, முன்பின் தெரியாத அன்ரி ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு அவருடைய தோள்கள் குலுங்கின. அதைக் கண்டதும் எனக்கும் அடக்க முடியவில்லை. இத்தனை வருடம் காத்திருந்த அந்த வரிகளை இரண்டு பேரும் கண்ணீர் வழியச் சிரித்தபடி சொல்லி முடித்தோம்.

சான்றிதழ் தந்த மேயர், நான் உணர்ச்சிவசப்பட்டு அழுகிறேன் என்று நினைத்துக் கையைத் தட்டிக்கொடுத்தார். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன், எச்சில்தான் வந்தது. அவர் மெதுவாக ஒரு ரிஷ்யூத் தாளை நீட்டினார்.

வெளியே கணவர் தான் எடுத்த படத்தைக் காட்டினார். என் முகத்தில் ஒரு பாதி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

"இந்தப் பக்கம் சிற்றிசன்," என்றார். "மற்றப் பக்கம் இன்னும் பரிசீலனையில."

நான் சேலையோடு வாசற்படியிலேயே உட்கார்ந்து, வயிறு நோகும்வரை சிரித்தேன்.