பத்து மணிப் போர்வை

சிம்பாங் பூலாயில் பஸ் ஏறியபோது என் வலது காலில் செருப்பு இல்லை. அது எனக்கே தெரியவில்லை. பக்கத்து சீட்டு அம்மாள்தான் கேட்டாள்: "அண்ணே, ஒத்தச் செருப்போட எங்க போறீங்க?"

"இன்னொண்ணு அடுத்த பஸ்ஸுல வருது" என்றேன். பஸ்ஸே சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளங்காலில் ஆணி ஏறியிருந்ததை வீட்டுக்குப் போன பிறகுதான் பார்த்தேன்.

இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். வலி இல்லை என்பது நல்ல செய்தி அல்ல. நரம்பு செத்தால் வலியும் செத்துவிடும்.

எழுபதுகளின் கடைசி அது. ரப்பர் தோட்டத்தை விட்டு ஜெலாப்பாங் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்திருந்தேன். புண் ஆறவில்லை. ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். ஒரு விரலை எடுத்தால் போதும் என்றுதான் முதலில் பேச்சு.

அந்த வார்டில் ஒரு வழக்கம் இருந்தது. காலை பத்து மணிக்குப் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். அதற்குமுன் எங்களை மல்லாக்கப் போட்டு, கழுத்துவரை போர்வை இழுத்து, கால்மாட்டில் மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகிவிடுவார்கள். ஒட்டிய தபால் உறைகள் மாதிரி வரிசையாகக் கிடப்போம். எப்போதோ ஒரு சின்ன நர்ஸ் ஒருவரின் புண்ணைப் பற்றி இடையில் சொல்லப்போய், எல்லார் முன்னாலும் டாக்டர் போட்ட சத்தத்தில் அழுதாளாம். அதிலிருந்து அவர் காதுக்கு நல்ல செய்தி மட்டுமே போனது.

"அப்பா மாச்சாம்?" என்று மலாயில் என்னிடம் நலம் விசாரிப்பார்.

"நான் பாகுஸ், நல்லாத்தான் இருக்கேன், டாக்டர். இங்க குடுக்கிற கஞ்சிக்குத்தான் உடம்பு சரியில்ல."

அவர் சிரிப்பார். பின்னால் வரும் ஊர்வலமும் சிரிக்கும். பிறகு அடுத்த கட்டிலுக்குப் போய்விடும். "ஒங்களால டாக்டர் மூடு நல்லா இருக்கு லா" என்று வார்டு சிஸ்டர் என் கட்டிலை வாசலோரம், முதல் இடத்துக்கு மாற்றினார். கோயில் வாசலில் வாழைமரம் கட்டுவது போல.

மாலையில் வரும் என் மனைவி லெட்சுமி மூக்கைப் பொத்தினாள். "என்னங்க, காலு நாறுதுங்க. விரல் ஒண்ணு போனாலும் போவட்டும், சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்க." சிஸ்டரிடமும் கேட்டாள்.

"காலையில டாக்டர் பார்த்தாரே. ஒண்ணும் சொல்லலையே."

பொய் இல்லை. பார்த்தார், போர்வையை.

அந்த சிஸ்டர் லீவில் போக, பதிலுக்கு ஒரு யாழ்ப்பாணத்து சிஸ்டர் வந்தார். முதல் நாளே, போர்வை செருக வந்த நர்ஸைத் தடுத்தார். "விடு பிள்ளை. மூடினா என்னத்தைப் பாக்கிறது?" என் காலில் சுற்றியிருந்த கட்டையும் அவரே அவிழ்த்தார்.

டாக்டர் வந்ததும் கஞ்சி ஜோக்கைச் சொல்ல வாய் திறந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. விரல்கள் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தன. காங்கிரீன் (ரத்தம் போகாமல் சதை செத்து அழுகுவது).

"ஏன் யாரும் சொல்லவில்லை?" என்று இங்கிலீஷில் கத்தினார்.

"சொன்னவளை நீங்கள் அழவைத்தீர்கள், டாக்டர். பிறகு யார் சொல்வார்கள்?" சிஸ்டரும் இங்கிலீஷில்தான் சொன்னார், சத்தம் போடாமல்.

"விரல மட்டும் எடுக்க முடியாதா?" என்று லெட்சுமி கேட்டபோது, "போன வாரம் கேட்டிருக்க வேண்டும்" என்று பதில் வந்தது. போன வாரம் கேட்டவளும் அவள்தான். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அந்த சிஸ்டர் இருந்தவரை, பத்து மணிக்கு எல்லார் புண்ணும் திறந்தே கிடந்தது. வார்டு நாறியது. கூட்டுகிறவர்கூட டாக்டரிடம் பேசலாம் என்றாகிவிட்டது. டாக்டரும் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கப் பழகினார். என் பக்கத்துக் கட்டில் மீ (நூடுல்ஸ்) கடைச் சீனருக்கு ஒரு விரலோடு போயிற்று. நடந்தே வீட்டுக்குப் போனார்.

பிறகு அந்த சிஸ்டரை வெளிநோயாளி பக்கம் மாற்றிவிட்டார்கள். "வார்டு பாக்க அழகா இல்லன்னு மேல ரிப்போர்ட் போயிருக்கு, அண்ணே" என்றார் அட்டெண்டன். மறுநாள் காலை போர்வைகள் மறுபடி மெத்தைக்கடியில் போயின. என் கட்டிலில் வலது பக்கம் செருகுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

வருஷங்கள் ஆகிவிட்டன. கட்டைக்காலோடு நடக்கிறேன். கிளினிக்கில் யாராவது "அப்பா மாச்சாம்?" என்றால் ஜோக் சொல்வதில்லை. மிச்சமிருக்கும் காலைத் தூக்கி மேஜைமேல் வைத்துவிடுகிறேன். நீங்களும் வையுங்கள்.

கடிகாரம் எனக்குத் தேவைப்படுவதில்லை. காலை பத்து மணி ஆனால், எங்கே இருந்தாலும், இல்லாத அந்தக் கால்விரல்கள் ஐந்தும் இறுக்கமான ஒரு துணியை உள்ளிருந்து முட்டுகின்றன.